மகள் கொண்டுவந்த கட்டை

ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் எல்லோரும் அவரை ஆவி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எதிரே நிற்பவர் முகம் தெரியாத அளவுக்கு நீராவி கிளம்பும் அறையில் படுக்கை விரிப்புகளை வேகவைத்துப் பிழிந்து அனுப்புவது அவர் வேலை. "ஆவி வருது, வழி விடுங்க" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். மகள் இறந்து, மறுபடி வேலைக்குப் போன அன்று அந்தப் பெயரைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அன்றிலிருந்து வெறும் அக்கா ஆனார்.

மகள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தவள். ஒரு நாள் காலை மேசையில் தலை சாய்த்தவள் எழுந்திருக்கவில்லை. மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். அம்மாவுக்குத் தன்னை விட்டால் யாருமில்லை என்பதால் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருப்பதென்று கல்யாணத்தின்போதே அவள் பேசி முடித்திருந்தாள். அவள் போனபின் அந்த வீட்டில் மாமியாரும் மருமகனும் மிஞ்சினார்கள்.

மருமகன் டைல்ஸ் ஒட்டுபவன். தலைமுடியெல்லாம் வெள்ளைத் தூசியோடு மாலையில் வந்து சேருவான். அதிகம் பேச மாட்டான். முன்பெல்லாம் மகள் நடுவில் இருந்தாள். இவர் சொன்னதை அவனிடம் சொல்லி, அவன் சொன்னதை இவரிடம் சொல்லி, போகிற போக்கில் தன் சொந்தச் சரக்கையும் கொஞ்சம் சேர்த்துவிடுவாள். இப்போது "சாப்பாடு மூடி வெச்சிருக்கேன் மாப்பிள்ளை", "சரி அத்தை" என்பதோடு ஒரு நாள் முடிந்துவிடும்.

பால்கனியில் ஒரு கட்டை கிடந்தது. மகள் கடைசியாக ஏரிக்கரைக்குப் போனபோது எடுத்து வந்தது. ஏதோ மரத்தின் வேர். தண்ணீரில் கிடந்து கிடந்து வழவழப்பாகி, மடக்கிய முழங்கைபோல வளைந்திருந்தது. மீன்தொட்டிக்குள் வைக்கப்போவதாகச் சொல்லியிருந்தாள். அதற்கென்று வாங்கிய கண்ணாடித் தொட்டி கூடத்தில் காலியாக இருந்தது. போகப்போக அதற்குள் குடையும் பழைய பல்புகளும் சேர்ந்துவிட்டன.

கட்டையில் எறும்பு ஏறியதைப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் குப்பையில் போடத் தூக்கினார். மருமகன் வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.

"போடாதீங்க அத்தை."

"எறும்பு பிடிச்சிருக்கு மாப்பிள்ளை. வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறோம்?"

"அவ எதுக்கு எடுத்துட்டு வந்தாளோ அதுக்கே வெச்சிருவோம்."

ஆளுக்கொரு முனையாகப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு அவர்தான் முதலில் இறக்கி வைத்தார்.

வளர்ப்பு மீன் விற்கும் கடைக்காரரிடம் போய் விவரம் கேட்டு வந்தான். இற்றுப்போன இடங்களைக் கத்தியால் குத்திப் பார்த்துச் சுரண்டி எடுக்கவேண்டும். பிரஷ் போட்டுத் தேய்க்கவேண்டும். கொதிக்கவைத்து, பிறகு ஊறப்போட்டு, தினமும் தண்ணீர் மாற்றவேண்டும். மரத்தின் சாயமெல்லாம் இறங்கி, தண்ணீர் தெளிந்து, கட்டை தானாக மூழ்க ஆரம்பித்தால் வேலை முடிந்தது.

"சோப்பு?" என்று கேட்டார்.

"தொடவே கூடாதாம். மரம் குடிச்சுக்குமாம், அப்புறம் மீன் செத்துருமாம்."

ஆயுள் முழுக்கச் சோப்புத்தூளை நம்பி வாழ்ந்தவருக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. "சோப்பு போடாம என்ன சுத்தம்? தலைய சீவிட்டுக் குளிச்சேன்னு சொல்ற மாதிரி" என்று முணுமுணுத்துக்கொண்டே தேய்த்தார்.

தொட்டிக்குள் வைத்துப் பார்த்தபோது கட்டை ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"அளந்துதான் எடுத்தேன்னு சொன்னா" என்றான் மருமகன்.

"எதால அளந்தா?"

"கைப்பை வாரால."

"அவ அளவு எப்பவும் அப்படித்தான். எனக்கு ஒரு தடவை செருப்பு வாங்கிட்டு வந்தா. ரெண்டு பேர் சேர்ந்து போட்டுக்கலாம்."

அவன் சிரித்துவிட்டான். அவரும் சிரித்தார். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்ததால், இருவருமே ஏதோ தப்பு செய்துவிட்டதுபோல் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள்.

அவன் ரம்பத்தை எடுத்து வந்தான். நாள் முழுக்கக் கல்லை அறுப்பவன், கட்டைமேல் ரம்பத்தை வைத்துவிட்டு இழுக்காமல் உட்கார்ந்திருந்தான். "குடுங்க இப்படி" என்று அவர் வாங்கிக்கொண்டார். அவன் பிடித்துக்கொள்ள, அவர் அறுத்தார். உள்ளே மரம் வெளுப்பாக, ஒரு சொட்டு ஈரம்கூடப் படாததுபோல இருந்தது. கீழே விழுந்த துண்டை அவன் தன் வேலைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அவர் பார்க்காததுபோல் அடுப்பைப் பற்றவைக்கப் போனார்.

கொதிக்கவைப்பது தன் தொழில் என்று அந்தப் பக்கமே அவனை விடவில்லை. இருப்பதிலேயே பெரிய பாத்திரத்தில் முதலில் ஒரு முனை, பிறகு மறுமுனை. மழையில் நனைந்த இலைக்குப்பையின் வாசனை வீடெல்லாம் பரவியது. தண்ணீர் கடுங்காப்பி நிறத்துக்கு வந்தது. அதற்குப்பின், துணி ஊறவைக்கும் பிளாஸ்டிக் டப்பில் கட்டையைப் போட்டு, மிதக்காமலிருக்க மேலே டைல்ஸ் துண்டுகளை அடுக்கினார்கள்.

தினமும் மாலையில் இருவரும் சேர்ந்து தண்ணீர் மாற்றினார்கள். கைக்கு வேலை இருந்ததால் பேச்சும் வந்தது. இந்தக் கட்டையைப் பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்ற கண்டக்டரிடம், "வயசானவருங்க, இவருக்கும் ஒரு டிக்கெட் குடுத்துருங்க" என்று மகள் கேட்ட கதையை அவன் சொன்னான். அவள் சின்ன வயதில் தவளைக்குஞ்சை மீன் என்று நினைத்து டம்ளரில் வளர்த்து, அதற்குக் கால் முளைத்ததும் தெருவையே கூட்டிய கதையை அவர் சொன்னார். தெரியாத மகளைப் பற்றி அவரும், தெரியாத மனைவியைப் பற்றி அவனும் கேட்டுக்கொண்டார்கள்.

அந்த நாட்களில்தான் வெளியூரிலிருந்து மருமகனின் அக்கா ஃபோன் செய்தாள்.

"உங்களைக் குறை சொல்லலைம்மா. அவனுக்கு என்ன வயசாயிடுச்சு? இங்க ஒரு இடம் பாத்திருக்கோம். நல்ல பொண்ணு. இவன்தான் பிடி குடுக்க மாட்டேங்கறான். கேட்டா, தொட்டி வேலை முடியட்டும்கறான்."

"முடிஞ்சதும் அனுப்பி வைக்கறேன்" என்று சொல்லி வைத்தார்.

அவனிடம் அதைப்பற்றி மூச்சு விடவில்லை. அன்று டப்பில் தண்ணீர் வெளிறிய தேநீர்போல இருந்தது. அடுத்து வந்த நாட்களில் அதுவும் போயிற்று. டைல்ஸ் துண்டுகளை எடுத்தபிறகும் கட்டை அடியிலேயே கிடந்தது.

"எப்படி இருக்கு அத்தை?"

"இன்னும் நிறம் விடுது."

அவன் எட்டிப் பார்ப்பான். "ஆமா, லேசா இருக்கு" என்பான். பக்கெட் பக்கெட்டாகத் தெளிந்த தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தெளிந்த தண்ணீரையே நிரப்பினார்கள்.

ஒரு மாலை, வேலை அலுப்பில் அவன் டப்புக்குப் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டான். வாய் லேசாகத் திறந்திருந்தது. அவர் நின்று பார்த்தார். தன் கணவர் போனபோது தனக்கும் இதே வயதுதான் என்று தோன்றியது. அதற்குப் பிறகு வந்த வருடங்கள் எத்தனை நீளம் என்பது அவருக்குத் தெரியும். அப்போதாவது இடுப்பில் ஒரு பிள்ளை இருந்தது.

தோளைத் தொட்டு எழுப்பினார்.

"போதும் மாப்பிள்ளை. தண்ணி எப்பவோ தெளிஞ்சிருச்சு."

"தெரியும் அத்தை" என்றான். அழுதான். அவர் அவன் தலையிலிருந்த தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார்.

கட்டையைத் தொட்டிக்குள் வைத்து, மணல் பரப்பி, மீனும் விட்டுவிட்டுத்தான் தன் அக்கா ஊருக்குக் கிளம்பினான். "நீங்களும் வாங்க அத்தை" என்றான் வாசலில்.

"வந்து? உங்க மாமியாரா இருக்கறதா, அந்தப் பொண்ணுக்கு மாமியாரா இருக்கறதா?" என்றார். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

கல்யாணத்துக்கு அவர் போகவில்லை. முடிந்து சில வாரங்களில் கட்டைமேல் வெள்ளையாகப் பஞ்சுபோல ஏதோ படர ஆரம்பித்தது. மீனுக்கு ஆகாதோ என்று பதறி மருமகனுக்கு ஃபோன் போட்டார். ஒரு பெண் எடுத்தாள். இளசான, மரியாதையான குரல்.

"யார் பேசறீங்க?"

அவன் மனைவியாக ஃபோனை எடுத்துப் பேசுகிறவளிடம், தான் அவன் மாமியார் என்று எப்படிச் சொல்வது? அவர் தயங்கவே அவளே, "டைல்ஸ் வேலையாங்க? அவர் வெளிய போயிருக்கார்" என்றாள்.

"ஆமாம்மா. அவசரமில்லை."

இருட்டுவதற்குள் அவன் கூப்பிட்டான். தெருவில் நின்று பேசுகிறான் என்பது வண்டிச் சத்தத்தில் தெரிந்தது.

"புதுக் கட்டைன்னா அப்படித்தான் வரும் அத்தை. மீனுக்கு ஒண்ணும் ஆகாது. பழைய டூத் பிரஷ்ஷால துடைச்சு விடுங்க, கொஞ்ச நாள்ல தானா போயிரும்."

"சரி. அந்தப் பொண்ணு யார்னு கேட்டுச்சு. டைல்ஸ் வேலைன்னு சொல்லிட்டேன். நீங்களும் அப்படியே சொல்லிருங்க."



"எங்க அத்தைன்னு சொல்லிட்டேன்" என்றான் அவன்.

அதற்குப்பின் அவராக ஒருநாளும் கூப்பிடவில்லை. முதலில் வாரந்தோறும் கூப்பிட்டுக்கொண்டிருந்த அவனும், குழந்தை பிறந்ததைச் சொன்னதோடு மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டான். அவர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அதெல்லாம் பின்னால். பஞ்சுபோலப் படர்ந்ததைப் பற்றிப் பேசிய அன்று ஃபோனை வைத்ததும், குளியலறையில் பிரஷ் தேடினார். இருந்தது அவருடையது ஒன்றுதான். அதை எடுத்துவந்து, கையை முழங்கைவரை தொட்டிக்குள் விட்டு, வளைவில் படர்ந்திருந்த வெள்ளையை மெதுவாகத் தேய்த்தார். மீன்கள் பயந்து மூலையில் ஒதுங்கி நின்றன.