மாளிகைக்குப் பின்பக்கமாக ஒரு வழி

ஊரில் எல்லாருக்கும் அந்தக் கடலோர மாளிகையின் முகம் தெரியும். வெள்ளைத் தூண்கள், கடலைப் பார்த்த நீண்ட வராந்தா, வளைந்து இறங்கும் படிகள். கண்டக்டரம்மாவுக்கு மட்டும் அதன் முதுகுதான் தெரியும். அவர் வேலை பார்த்த பஸ்ஸின் கடைசி நிறுத்தம் மாளிகையின் பின் கேட். டிரைவர் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டுக் கண்ணயரும் நேரத்தில், இவர் கேட் கம்பிகளுக்கு நடுவே மூக்கை நுழைத்துப் பார்ப்பார். தனியாக நிற்கும் சமையற்கட்டு, அதோடு முதுகு ஒட்டிய சலவைக்கூடம், தள்ளி ஒரு குதிரை லாயம். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை இதே காட்சி. கேட் பூட்டியே கிடந்ததால் ஆசை வளர்ந்துகொண்டே போனது.

ஓய்வுக்குப் பிறகு வீடு அவர் குரலுக்குப் போதவில்லை.

"வீட்ல இருக்கிறது நாம ரெண்டு பேரு. ஸ்டாண்டிங்ல ஒருத்தரும் இல்ல. எதுக்கும்மா இந்தக் கத்து கத்துற?" என்று கணவர் காதைப் பொத்திக்கொள்வார்.

மாளிகையைப் பழுதுபார்க்கும் வேலை தொடங்கியதும் கண்டக்டரம்மா பின்கட்டுக்குள் நுழைந்துவிட்டார். கொத்தனார்களைக் கேள்வி கேட்டே களைப்படையச் செய்தார். மரத்தரை போடுகிறார்கள் என்று வீட்டுக்குள் மட்டும் யாரையும் விடவில்லை. பிறகு, பொதுமக்களுக்குத் திறக்கப்போகிறார்கள், வழிகாட்டி ஒருவர் தேவை என்ற செய்தி வந்தது. முதல் விண்ணப்பம் இவருடையது. உட்கார்ந்து பழக்கமில்லாத அந்தக் கால்களுக்கும் ஓயாத அந்த வாய்க்கும் இதைவிட்டால் வேறு இடமில்லை என்று அவருக்குத் தெரியும்.

சோதனை நாள் வந்தது. அக்கம்பக்கத்துக் குடும்பங்களிலிருந்து கொஞ்சம் பேர் விருந்தாளிகள். வேடிக்கை பார்க்கக் கண்டக்டரம்மாவின் தங்கையும் வந்திருந்தாள். மாளிகை மேலாளர் கண்டக்டரம்மாவிடம் ஒரு தாளைக் கொடுத்தார்.

"முக்கால் மணி நேரம்தான். தூண், கூடம், மாடிப்படி, மேல் அறைகள். நேரம் மிஞ்சினா பின்கட்டு. வரிசை மாறக்கூடாது."

கண்டக்டரம்மா தூண்களுக்கு அடியில் நின்று, தாளில் இருந்ததை மனப்பாடமாக ஒப்பித்தார். குரலில் உப்பு இல்லை. கூட்டத்தில் ஒருவர் கொட்டாவி விட்டார். தங்கை உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். கூடத்துக்குள் போவதற்கு முன், தோளில் குழந்தையோடு நின்ற ஒருவர் கேட்டார்:

"அம்மா, இவ்வளவு பெரிய வீட்டுல அடுப்பங்கரை எங்க?"

அவ்வளவுதான். தாள் மடிந்து பைக்குள் போனது.

"உள்ள இல்லவே இல்ல! வாங்க, வாங்க, எல்லாரும் இடது பக்கமா வாங்க!"

மேலாளர் "அம்மா, வரிசை..." என்று தொடங்குவதற்குள் கூட்டம் மூலை திரும்பிவிட்டது.

சமையற்கட்டின் முன் கண்டக்டரம்மாவின் கால் தரையில் பாவவில்லை. "பகல்ல காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வருது? கடல்லேர்ந்து. அப்போ புகை எங்க போகும்? வீட்டை விட்டு வெளிய! அதான் அடுப்பைத் தூக்கிப் பின்னாடி வச்சாங்க. தீப்பிடிச்சாலும் வீடு தப்பிக்கும்." புகைபோக்கியைத் தட்டிக் காட்டினார். ஒரே புகைபோக்கி. இந்தப் பக்கம் சோறு வெந்தது, சுவருக்கு அந்தப் பக்கம் துணிக்கு வெந்நீர் காய்ந்தது. சலவைக்கூடத்து முற்றத்தின் மதிலில் செங்கல்லை விட்டுவிட்டு வைத்திருந்தார்கள். காற்று உள்ளே வரும், காயும் துணி வெளியே தெரியாது. பிள்ளைகள் ஓட்டைகளில் கண்ணை வைத்துக் கூச்சலிட்டார்கள். லாயம் ஏன் கடைசியில் என்று அவர் கேட்பதற்குள் "நாத்தம்!" என்று கூட்டமே பதில் சொன்னது.

"அக்கா, நேரம் ஆச்சு" என்று தங்கை கிசுகிசுத்தாள். "வீட்டுக்குள்ள ஒரு அடி கூட வைக்கல. வேலை போச்சு போ."

மேலாளர் கடிகாரத்தைத் தட்டினார். சமையற்கட்டிலிருந்து சாப்பாட்டு அறைக்குப் போகும் கூரை போட்ட நடைபாதை கண்டக்டரம்மாவின் கண்ணில் பட்டது.

"இதோ உள்ள போறோம்! சாப்பாடு போன வழியாவே போறோம்!" குழாயடியில் இருந்த கிண்ணத்தில் தளும்பத் தளும்பத் தண்ணீர் பிடித்தார். "நடுவுல ஒரு வளைவு இருக்கு, காத்து நேரா அடிக்காம இருக்க. தரை மெதுவா சரியும். படின்னு ஒண்ணு கூட கிடையாது. குழம்பைத் தூக்கிட்டுக் கண்ணை மூடிட்டே நடக்கலாம். யாரு தூக்குறீங்க?"

"சார் தூக்கட்டும்!" என்றார் குழந்தைக்காரர். கூட்டம் கைதட்டியது. மேலாளர் மறுத்துப் பார்த்தார், முடியவில்லை.

அவர் நடந்தார். பின்னால் ஊர்வலம். வளைவைத் தாண்டியும் ஒரு சொட்டு சிந்தவில்லை. "பார்த்தீங்களா, பார்த்தீங்களா!" என்று கண்டக்டரம்மா கத்த, மேலாளர் சிரித்தபடி அவரைத் திரும்பிப் பார்த்து, சாப்பாட்டு அறைக்குள் காலை வைத்தார். வாசலில் உள்ளங்கை உயரத்துக்கு ஒரு கல் நிலைப்படி. கால் இடறியது. தண்ணீர் முழுக்க அவர் சட்டையில், மிச்சம் புது மரத்தரையில்.

கண்டக்டரம்மா முந்தானையால் தரையைத் துடைக்கக் குனிந்துவிட்டார்.

"மன்னிச்சுக்கங்க சார். உள்ள வந்ததே இல்ல. படியே இல்லன்னு அடிச்சுச் சொல்லிட்டேன்..." பாதி துடைத்தவர் நிமிர்ந்தார். "அது சரி, இதை ஏன் சார் வச்சாங்க? எல்லாத்தையும் வழுவழுன்னு கட்டிட்டு, கடைசியில காலை வாருற மாதிரி?"

மேலாளர் சட்டையைப் பிழிந்துகொண்டே பதில் சொன்னார். "சரிவு எந்தப் பக்கம்மா? வீட்டைப் பார்த்து. மழை பெஞ்சா தண்ணி எங்க வரும்?"

"அட!" கண்டக்டரம்மா நிலைப்படியைக் கையால் தடவினார். "இது வாசல் இல்ல, அணை!"

"அதோட விடல. வெளியே பாருங்க, ஓரத்துல வடிகால்." மேலாளர் ஈரச் சட்டையோடு மண்டிபோட்டுக் காட்டினார். குழந்தைக்காரரும் மண்டிபோட்டார். பெரியவர்களின் இடுக்கில் பிள்ளைகள் நுழைந்தார்கள்.

எழுந்தபோது மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். முக்கால் மணி எப்போதோ முடிந்திருந்தது.

"வேலை உங்களுக்குத்தான். ஆனா இந்த வீட்டோட உள்பக்கம் உங்களுக்குச் சுத்தமா தெரியாது. அதைக் கத்துக்கிட்ட பிறகுதான் கூட்டத்தை விடுவேன்."

"எப்போ சார் கத்துக் கொடுப்பீங்க?"

"நாளைக்கு..."

"இப்பவே காட்டுங்க சார்" என்றாள் தங்கை. "நாங்களும் மேல பார்க்கலையே." யாரும் கிளம்புவதாக இல்லை.

மேலாளர் முன்னால் போனார். மாடிப்படியின் அடியில் அவர் இன்னும் வாயைத் திறக்கவில்லை, பின்னாலிருந்து அந்தக் குரல் கூடம் முழுக்க எதிரொலித்தது:

"சார், இது ஏன் சார் கீழ இவ்வளவு அகலமா இருக்கு, மேல போகப்போகக் குறுகுது?"