கேமராவுக்கு நான் கொடுத்த எண்

திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மில்லில் எங்கள் கம்பெனியின் தரம் பிரிக்கும் இயந்திரம் ஓடியது. கேமரா நிலக்கடலைப் பருப்புகளைப் படமெடுக்கும். பூஞ்சை பிடித்தது தெரிந்தால் காற்றுக்குழாய் ஊதித் தள்ளும். இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் அந்தக் கேமராவை இயக்கும் நிரலை எழுதியவள் நான்.

இயந்திரத்துக்குள் புதிய கணினி போர்டு பொருத்திய பிறகு, இயந்திரம் அவ்வப்போது நல்ல பருப்பைத் தள்ளிவிட்டுக் கெட்டதை விட்டது. மில்காரர், முன்பு நிறுத்திவிட்ட பொறுக்குகிற பெண்கள் நால்வரைத் திரும்பக் கூப்பிட்டார். நான் விழுப்புரத்திலிருந்து தினமும் ரயிலில் போய், அவர்கள் பக்கத்தில் லேப்டாப்போடு உட்காருவேன்.

“இது சரியாயிட்டா எங்கள வேணான்னுடுவாங்களாம்மா?” என்று ஓமந்தூரிலிருந்து வருகிற அக்கா ஒருநாள் கேட்டார்.

“தெரிலக்கா” என்றேன். தெரியும்.

ஏழாவது வாரம் பிழை அகப்பட்டது. கேமரா படத்தை நேராக நினைவகத்தில் எழுதும். அங்கே ஓர் இடத்துக்குச் செயலி வைத்திருக்கும் எண் ஒன்று. கேமரா இணைந்திருக்கும் தடத்தில், அதாவது பஸ்ஸில், அதே இடத்துக்கு வேறு எண் இருக்கலாம். கெர்னலிடம் கேட்டு மாற்றித்தான் கொடுக்க வேண்டும். நான் செயலியின் எண்ணையே கொடுத்திருந்தேன். பழைய போர்டில் இரண்டும் ஒன்றாக இருந்ததால் தப்பித்தேன். புதியதில் நினைவகத்தின் மேல்பாதியில் அவை வேறு. படத்துக்கு அங்கே இடம் ஒதுக்கப்பட்டபோதெல்லாம் புதுப்படம் வந்து சேரவில்லை. இயந்திரம் பழைய படத்தைப் பார்த்தே ஊதிக்கொண்டிருந்தது.

மூன்று வரிகளைத் திருத்திவிட்டு மில்காரரிடம் சொன்னேன்.

“இப்ப சொல்றீங்களே மேடம். எத்தினி நாளு பேஜாரு படறது? வேற மிஷினு சொல்லிட்டேன். திங்கக்கிழம வந்து எறக்கறாங்க.”

“ஒரு தடவ ஓட்டிப் பாருங்க சார்.”

“பாத்து என்னா பண்றது?”

இருந்தாலும் ஓட்டவிட்டார். மதியம் முழுக்க ஒரு சொத்தைகூடத் தப்பவில்லை. பெண்கள் வெறும் முறத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். மில்காரர் தலையாட்டிவிட்டு எடைமேடைப் பக்கம் போய்விட்டார்.

திங்கட்கிழமை எங்கள் இயந்திரத்தைக் கழற்றி எடுத்தார்கள். புதியதற்குப் பெண்களும் தேவைப்படவில்லை. எங்கள் இயந்திரத்தை வேறு மில் எதுவும் கேட்காததால் கம்பெனி எங்கள் பிரிவையே மூடியது. “அந்தத் திருத்தத்தக் கம்பெனிக்கு அனுப்பாதீங்க, சரிபாக்க ஆளில்ல” என்றார் மேலாளர்.

ஓமந்தூர் அக்கா இப்போது எங்கே வேலைக்குப் போகிறாரோ தெரியாது. போன் நம்பர்கூட வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கியிருந்தாலும் என்ன பேசியிருப்பேன்?