கல்வீடு என்று நினைத்து வாங்கிய வீடு

லண்டனில் பத்து வருடம் வீடுகளைப் பரிசோதித்துவிட்டு ஆக்லாந்துக்கு வந்தவன் நான். வாங்குபவர்களுக்காக வீட்டைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது தொழில். அங்கே ஒட்டி ஒட்டி வரிசையாக நிற்கும் டெரஸ், நடுச்சுவரைப் பங்குபோடும் செமி, தனியாக நிற்கும் பங்களா, எதுவானாலும் பெரும்பாலும் செங்கல். இங்கே வெள்ளை பிளாஸ்டர் பூசிய வீட்டுக்குள்ளும் மரச்சட்டம்தான் நிற்கும். இதை எங்கள் சனத்துக்கு விளங்கப்படுத்துவதற்குள் தொண்டைத்தண்ணீர் வற்றிவிடும்.

சிவகுமாரும் மனைவி வசந்தியும் பிளாக்ஹவுஸ் பே பகுதியில் வீடு தேடினார்கள். மூன்று வயது மகளுக்கு மூச்சிழுப்பு. வாடகை வீட்டு ஈரம் கூடாது, உடனே மாறுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டு வீடுகள் கிடைத்தன. ஒன்று பழைய பலகை பங்களா, அகலமான கூரை, உள்ளே ஈரமே இல்லை. மற்றது வெள்ளை பிளாஸ்டர் வீடு, கூரை சுவரோடு முடிந்துவிடும், மழை நேரே சுவரில் வழியும்.

"பலகை வீட்டை எடுங்கோ" என்றேன்.

"ஊரில கல்வீட்டில இருந்த சனம் அண்ணை நாங்கள். இஞ்ச வந்து பலகைக்குள்ள இருக்கிறதோ?" என்றார் சிவகுமார்.

வெள்ளை வீட்டின் ஜன்னலடியில் ஈரம் பார்க்கும் மீட்டரை வைத்தேன். கத்தத் தொடங்கியது. சுவரைத் துளைத்துப் பார்க்க விற்பவர் விடவில்லை. உள்ளே மரம் ஈரத்தில் உக்கி உளுத்துவிட்டது என்று எனக்கு அப்போதே தெரியும். அவர்களோ புதுவீட்டுக் குடிபூரலுக்கு நாளும் வைத்துவிட்டார்கள்.

"உங்கட மகளெண்டா இந்த வீட்டை வாங்க விடுவீங்களோ அண்ணை?" என்று வசந்தி கேட்டார்.

"எல்லாம் ரிப்போர்ட்டில எழுதுறன் தங்கச்சி. வடிவா வாசியுங்கோ."

எழுதினேன். ஆங்கிலத்தில், பதினான்காம் பக்கத்தில்: ஈர அளவு கூடுதல், மேலதிகச் சோதனை நல்லது. என்னை யாரும் கோர்ட்டுக்கு இழுக்க முடியாத வசனம். சந்தோஷமாக இருந்த முகங்களைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. கோழைத்தனம், அதற்கு வேறு பெயரில்லை. குடிபூரலுக்கு என்னையும் அழைத்தார்கள். காய்ச்சிய பாலில் முதல் கிளாஸை என் கையில் தந்தார்கள். குடித்தேன்.

இரண்டாவது குளிர்காலம் சிவகுமார் கூப்பிட்டார். மகளின் அறைச் சுவரைத் திறந்திருந்தார்கள். மரச்சட்டத்தில் விரலை வைத்தேன், புட்டுப்போல் உதிர்ந்தது. கட்டில் நின்ற பக்கம் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். பிள்ளை ஆஸ்பத்திரியில் மூக்கில் ஒட்சிசன் குழாயோடு கிடந்தாள். அந்தக் குளிருக்குள் அது மூன்றாவது தடவை.

சிவகுமார் ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். வசந்திதான் கதைத்தார்.

"நீங்கள் எழுதினதில ஒரு பிழையும் இல்லை அண்ணை. லோயரும் அப்பிடித்தான் சொன்னவர். ஆனா நான் உங்களை வாயாலதானே கேட்டனான்."



இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ரிப்போர்ட் உங்களைக் காப்பாற்றத்தான் எழுதப்படுகிறது. வாங்கக் கூடாத வீடென்றால் முகத்துக்கு நேரே, அவர்கள் பாஷையில், வாங்காதீர்கள் என்று சொல்லுங்கள். கோபித்துக்கொண்டு போகட்டும். அவர்கள் பிள்ளை மூச்சு விடும்.