எல்லோருக்கும் ஒரே இரங்கற்பா

சாவு வீட்டுக்கு வந்தால் கவிஞர் ஏவால்ட் முதலில் சமையலறைப் பக்கம்தான் மூக்கை நீட்டுவார். அந்த எஸ்தோனியத் தீவில் வாழும் ஹெல்வே பல வருஷமாகப் பார்த்த பழக்கம் இது. அப்புறம்தான் இரங்கற்பா. எஸ்தோனிய மொழியில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல் என்பது அவருக்குப் பெரிய வசதி. பெயரை மட்டும் மாற்றினால், தீவில் யார் செத்தாலும் அதே கவிதை பொருந்திவிடும்.

தன் அக்கா மைமு இறந்தபோது ஹெல்வே கூச்சத்தை விட்டு அவரிடம் போனாள்.

"பண்ணையில பால் கறந்தவ, கவிஞரே. அவளைப் பத்தியே நாலு வரி வேணும்."

"கண்ணீரைத் தொட்டே எழுதறேன்மா."

கல்லறைத் தோட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார்: "புயலுக்கு அஞ்சாத மைமு, உன் படகு கரை சேர்ந்தது." போன மாதம் மீனவர் ஒஸ்காருக்கு வாசித்த அதே வரி. மைமுவோ படகைப் பார்த்தாலே வாந்தி எடுப்பவள்.

"இவ ஓட்டினது மாடுதானேய்யா, படகு எங்கேர்ந்து வந்துச்சு?" என்றார் பக்கத்து வீட்டு லெம்பித்.

சிலர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். விம்முகிறார்கள் என்று நினைத்து ஏவால்ட் குரலை இன்னும் உருக்கினார்.

ஹெல்வே முன்னால் வந்தாள். "போதும், நிறுத்துங்க. எங்கக்கா குரல் கேட்டாதான் மாடுங்க பால் விடும். அவ்வளவுதான்."

ஏவால்ட் இன்றும் தீவின் கவிஞர்தான். மைமுவின் கல்லறைக் கல்லில் கவிதை இல்லை, பெயர் மட்டும் இருக்கிறது.