ஒன்பதாவது முயல்

குவபரா சென்செய்க்கு ஐம்பத்து மூன்று வயது. எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குச் சென்செய், அதாவது ஆசிரியர், கூடவே ஆய்வுப் பொறுப்பாளர். ஆய்வு என்றதும் கண்ணாடிக் குடுவையெல்லாம் நினைக்க வேண்டாம். ‘உங்க வகுப்புக் கதவைக் கொஞ்சம் திறந்து வைங்களேன்’ என்று சக ஆசிரியர்களிடம் கெஞ்சும் வேலை அது.

வருடத்துக்கு மூன்று முறை யாராவது ஒருவர் எல்லார் முன்பும் பாடம் எடுக்க வேண்டும். அன்றைக்கு மற்றப் பிள்ளைகளை மதியச் சாப்பாட்டோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். அந்த ஒரு வகுப்பு மட்டும் ‘நாங்க மட்டும் என்ன பாவம் பண்ணோம்’ என்ற முகத்தோடு உட்கார்ந்திருக்கும். நாங்கள் சுவரோரம் நின்று பார்ப்போம். பிறகு ஒரு மணி நேரம் அந்தப் பாடத்தைப் பற்றிப் பேசுவோம். நாகானோ மலைப்பக்கத்துப் பள்ளிகளில் இது நான் பிறப்பதற்கு வெகு முன்பிருந்தே நடக்கிறது.

பேசுவோம் என்றா சொன்னேன்? நன்றி சொல்வோம்.

“நவம்பர் பாடம் யாரு எடுக்கறீங்க?” என்று அக்டோபரில் ஒருநாள் அறையைச் சூடாக்கும் அடுப்புப் பக்கமாக நின்று கேட்டார் குவபரா. ஆசிரியர் அறையில் திடீரென்று எல்லாருக்கும் திருத்த வேண்டிய நோட்டுகள் குவிந்துவிட்டன.

“எனக்கு எடுக்கணும்னுதான் ஆசை, சென்செய்,” என்றார் இசோபே. இருபது வருட அனுபவம். தேனில் ஊறிய குரல். “ஆனா இந்த வருஷம் ஒண்ணாங்கிளாஸ். உங்களுக்கே தெரியுமே.”

“தெரியும். போன வருஷம் ஆறாங்கிளாஸ்னு சொன்னீங்க.”

“ஆறும் கஷ்டம்தானே, சென்செய்.”

“அப்ப மூணு?”

மூன்றாம் வகுப்பு என்னுடையது. வேலைக்கு வந்து இரண்டாம் வருடம். நான் மேசைக்கு அடியில் விழாத பேனாவைத் தேடினேன்.

“சரி, நானே எடுக்கறேன்,” என்றார் குவபரா. ஆறு வருடமாக நவம்பர் பாடம் இப்படித்தான் முடிவாகிறது. இடுப்பில் கையை ஊன்றி, பழைய கதவைத் திருப்புவது போலத் தன்னைத் திருப்பிக்கொண்டு போனார்.

அந்த வாரமே தலைமையாசிரியை கமியா அவரைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில் நகல் எடுத்துக்கொண்டிருந்ததால் காதில் விழுந்தது. கமியா சென்செய் எதையும் வானிலை அறிக்கை வாசிப்பது போலத்தான் சொல்வார்.

“வேலை நேரத்தக் குறைக்கணும்னு மேலேருந்து வந்திருக்கு. அந்த ஒரு மணி நேரப் பேச்ச எடுத்துடலாமே. ஆளுக்கு ரெண்டு ஒட்டுத்தாள். நல்லது நீலம், குறை மஞ்சள். ஒட்டிட்டு வீட்டுக்குப் போயிடலாம். பொறுப்பாளர் நீங்கதான். வேணுமா வேணாமான்னு நீங்களே எழுதிக் குடுங்க. உங்க பாடம் முடிஞ்சு வர்ற வெள்ளிக்கிழமை வரைக்கும் டயம் எடுத்துக்கங்க.”

படிக்கட்டில் குவபரா என்னிடம் சொன்னார்: “ஹோரி, இருபத்தெட்டு வருஷத்துல பதினோரு தடவ திறந்த பாடம் எடுத்திருக்கேன். எங்க சொதப்பினேன்னு ஒரு ஆள் சொன்னதில்ல. இந்தத் தடவையும் ‘நெறையக் கத்துக்கிட்டோம்’னா, நிறுத்திடுங்கன்னு எழுதிக் குடுத்துடறேன். எனக்கும் முதுகு வலிக்குது.”

“மஞ்சத்தாள்ல யாராவது எழுதுவாங்களே, சென்செய்?”

“எழுதுவாங்க. ‘போர்டு எழுத்து இன்னும் கொஞ்சம் பெருசா இருக்கலாம்’னு.”

பாடத் திட்டம் பதினான்கு பக்கம். எந்த நிமிடம் என்ன கேள்வி, பிள்ளைகள் என்னென்ன சொல்லக்கூடும், நாற்பத்தைந்தாவது நிமிடத்தில் கரும்பலகை எப்படி நிறைந்திருக்கும் என்று படம்கூட இருந்தது. இந்த முறை ஒரு புது ஏற்பாடும் செய்தார். “என்னப் பாக்காதீங்க. ஆளுக்கு ஒரு பிள்ளையப் பிடிச்சுக்கங்க. அது எழுதறது, அழிக்கறது, யாரப் பாக்குது, எல்லாத்தையும் மணி போட்டுக் குறிச்சுக்கங்க.” எனக்கு வந்தது சுமிரே. ஜன்னலோரம், மூன்றாவது மேசை. வாயைத் திறந்தால் பற்பசை விளம்பரத்துக்கு மட்டும்தான் திறப்பாள் போலிருந்தது.

பாடம் முயல்களைப் பற்றியது. அ கூண்டு ஆறு சதுர மீட்டர், அதில் ஒன்பது முயல். ஆ கூண்டு ஐந்து சதுர மீட்டர், அதில் எட்டு. எந்தக் கூண்டில் நெரிசல் அதிகம்? முயலைப் பரப்பால் வகுத்தால் தெரிந்துவிடும். அந்த வகுத்தலுக்குத்தான் வகுப்பை ஓட்டிக்கொண்டு போக வேண்டும்.

பிள்ளைகள் எழுதத் தொடங்கினார்கள். குவபரா கையில் அட்டையோடு மேசைகளுக்கு நடுவே நடந்தார். ஒவ்வொரு நோட்டையும் எட்டிப் பார்த்து, பெயருக்கு நேரே ஒரு குறி போட்டுக்கொண்டு, யாரை முதலில் எழுப்புவது, யாரைக் கடைசியில் எழுப்புவது என்று வரிசை கட்டிக்கொண்டிருந்தார். சுமிரேயிடம் நின்றார். ஏதோ சொன்னார். போனார். நான் குறித்துக்கொண்டேன்.

நாற்பத்து நான்காவது நிமிடத்தில் கரும்பலகை படத்தில் இருந்த மாதிரியே நிறைந்துவிட்டது. அழகான பாடம். குவபராவின் நெற்றியில் வியர்வை, நவம்பரில்.

நாலு மணிக்குக் கூட்டம். பாடம் எடுத்தவர்தான் முதலில் பேச வேண்டும். குவபரா எழுந்து, “நேரத்துக்கு முடிச்சேன். ஆனா ஏதோ சரியில்லாத மாதிரி இருக்கு. எங்கன்னு தெரியல. சொல்லுங்க,” என்றார்.

இசோபே தொடங்கினார். “இன்னைக்கு இவ்வளவு அருமையான பாடத்தைக் காட்டினதுக்கு ரொம்ப நன்றி. பிள்ளைங்க கண்ணு பளபளன்னு இருந்துச்சு. நெறையக் கத்துக்கிட்டேன்.”

அடுத்தவரும் நெறையக் கத்துக்கிட்டார். அதற்கடுத்தவர், கரும்பலகை எழுத்து இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கலாமோ என்று தாழ்மையோடு நினைத்தார். குவபரா ஒவ்வொருவருக்கும் தலை குனிந்தார். ஒவ்வொரு குனிவுக்கும் நிமிர்வது கொஞ்சம் தாமதமானது.

என் முறை. நானும் நன்றி சொல்லத்தான் எழுந்தேன். ஆனால் கையில் இருந்தது குறிப்புத்தாள். அதை வாசிப்பது சுலபமாக இருந்தது.

“சுமிரே. ரெண்டு முப்பத்தொண்ணு: ரெண்டு கூண்டும் வரையறா. ரெண்டு முப்பத்து மூணு: அ கூண்டுல ஒரு கட்டத்தத் தனியா வெட்டி, அதுல ஒரு முயல் போடறா. கீழ எழுதறா: ‘ஒன்பதாவது முயல் தனக்குன்னு ஒரு மீட்டரக் கொண்டு வந்திருக்கு. மத்த எட்டும் ஆ கூண்டு மாதிரியே அஞ்சு மீட்டர்ல நெருக்கிக்கிட்டு இருக்கு. அதனால அ தான் தாராளம்.’ ரெண்டு முப்பத்தாறு: சென்செய் வர்றாரு.”

இங்கே குரல் என்னை அறியாமல் மாறிவிட்டது. மூக்கால் வரும் குவபராவின் அந்த இழுவை, கண்ணாடியை ஏற்றிவிடும் விரல், எல்லாம் சேர்ந்து வந்துவிட்டது. “‘ஓஹோ… படமா. நல்லாருக்கு, நல்லாருக்கு. இதக் கணக்கா எழுத முடியுமான்னு பாரேன்.’ போயிட்டாரு. ரெண்டு முப்பத்தேழு: சுமிரே ரப்பர எடுக்கறா. படத்த அழிக்கறா. எழுதினத அழிக்கறா. அப்புறம் போர்டுல வந்தத அப்படியே எழுதிக்கிட்டா.”

முதலில் சிரித்தார்கள், குரலுக்காக. பிறகு யாரோ காகிதத்தில் முயலை வரைந்து பார்த்தார்கள். சிரிப்பு நின்றது. வகுக்காமலே அவள் சரியாகச் சொல்லியிருந்தாள்.

குவபரா தன் அட்டையைப் புரட்டி எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். சுமிரே பெயருக்கு நேரே ஒரு முக்கோணம். ‘போதாது’ என்பதற்கு நாங்கள் போடும் குறி.

“பாத்தேன்,” என்றார். “நல்லாவே பாத்தேன். பதினாலு பக்கத்துல பிள்ளைங்க சொல்லக்கூடியதுன்னு நாலு எழுதியிருந்தேன். இது அதுல இல்ல. வகுத்தவன் எவன்னு தேடிக்கிட்டே போயிட்டேன்.”



“ஜூன்ல…” என்றார் இசோபே. தேன் இல்லாத குரல். அவருடையதுதானா என்று திரும்பிப் பார்த்தேன். “ஜூன்ல ஒரு பையன் கடிகாரத்த வேற மாதிரி படிச்சான். ‘அதெல்லாம் அப்புறம்’னுட்டேன். அந்த அப்புறம் இன்னும் வரல, சென்செய்.”

“எப்படிப் படிச்சான்?” என்றார் குவபரா.

இசோபே எழுந்துபோய்ப் பலகையில் வரைந்தார். வேலை நேரம் முடியும் நாலே முக்காலுக்குக் கமியா சென்செய், “மணி ஆச்சு, போறவங்க போகலாம்,” என்று வானிலை சொன்னார். காப்பகத்தில் விட்ட குழந்தையைக் கூட்டிவர வேண்டிய இருவர் போனார்கள். மற்றவர்கள் ஐந்தேகால் வரை இருந்தோம். அதில் யாரும் நன்றி சொன்னதாக நினைவில்லை.

மறுநாள் குவபரா சுமிரேயின் மேசையருகே குந்தி உட்கார்ந்து கேட்டாராம்: “நேத்து ஒரு முயல் படம் போட்டியே, அத எனக்கு ஒரு தடவ சொல்றியா?”

“மறந்துடுச்சு, சென்செய்.”

“ஒன்பதாவது முயல்…”

“அது தப்பு, சென்செய். அதான் அழிச்சுட்டேன்.”

இதை என்னிடம் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த களைப்பு முதுகுவலிக் களைப்பு அல்ல. “தப்பில்லன்னு சொன்னேன். தலையாட்டினா. நம்பல,” என்றார்.

வெள்ளிக்கிழமை இரண்டாம் பாடவேளை முடிந்ததும் தாளைக் கொண்டுபோய்க் கமியாவின் மேசையில் வைத்தார். நான் அதே நகல் இயந்திரத்தருகே.

“பேச்சு நேரம் இருக்கட்டும். பாடத் திட்டம் இனிமே ரெண்டு பக்கம். அதப் புத்தகமா அச்சடிக்க வேணாம்,” என்று வாசித்தார் கமியா. “நேரம் அதுல மிச்சமாகும்ங்கறீங்க. சரி. காரணம்ங்கற இடத்துல ஒரு வரிதான் இருக்கு.”

“ஆமா.”

“‘பாடம் எடுப்பவன் பார்த்தும் பார்ப்பதில்லை.’ மேல அனுப்பணும், குவபரா சென்செய். இன்னும் கொஞ்சம் விவரமா…”

“இதுக்கு மேல எழுதத் தெம்பு இல்ல.”

கமியா சென்செய் அந்த வரியை இன்னொரு முறை படித்தார். இழுப்பறையிலிருந்து முத்திரையை எடுத்துக் குத்தினார்.

குவபரா தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். அடுத்த மணிக்கு நான்கு நிமிடம் இருந்தது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.