முதல் ஞாயிறு வரைக்கும்

எனக்குக் கோவம் வந்தா லேசுல போவாது. எங்க வூட்டுல எல்லாருக்கும் தெரியும், எங்க சபைக்கும் தெரியும். ஆண்டவருக்குத் தெரியாமலா இருக்கும்? இந்தக் குணத்த எடுத்துடுங்கப்பான்னு எத்தினியோ தரம் முட்டி போட்டுக் கேட்டிருக்கேன். எடுக்கல. எடுத்திருந்தா இத எழுதுற வேலையே எனக்கு இருந்திருக்காது.

ரெண்டாயிரம் பொறந்து ஒரு அஞ்சாறு வருசம் கழிச்சு நடந்தது. விருத்தாசலத்துல பீங்கான் சாமான் செய்யிற ஒரு சின்ன கம்பெனியில எனக்கு வேல. கரண்டு மீட்டருக்குப் பக்கத்துல வெள்ளையா ஃபியூஸ் கட்டை மாட்டியிருப்பாங்க இல்ல, அதத்தான் செய்வோம். அச்சுல இருந்து எடுத்த மண்ணு காஞ்சதும் ஓரத்துப் பிசிரைக் கத்தியால சீவி, ஈர ஸ்பாஞ்சால தொடச்சு, பலகையில அடுக்கி வைக்கணும். எனக்கு எதிர்ல உக்காந்து அதே வேலையச் செஞ்சவதான் அவ. கருவேப்பிலங்குறிச்சியில பொறந்தவ, என்னைவிட நாலு வயசு சின்னவ. என்னை அக்கான்னுதான் கூப்புடுவா. அவளை சபைக்குக் கூட்டிட்டுப் போனதே நாந்தான். போன மூணாவது மாசமே என்னைவிட நல்லா ஜெபம் பண்ண ஆரம்பிச்சிட்டா. கொஞ்சம் பொறாமையாத்தான் இருந்துச்சு, மறைக்குறதுக்கு என்ன இருக்குது.

அவ ஜெபம் பண்ணா கேக்குறவங்களுக்குச் சிரிப்பு வரும், அழுகையும் வரும். பஸ்ஸு லேட்டானாலும் அவருகிட்டதான் சொல்லுவா, மாவு புளிக்கலன்னாலும் அவருகிட்டதான் சொல்லுவா. "யப்பா, இன்னிக்குத் தலை வலிக்குதுப்பா, மேஸ்திரி கண்ணுல படாம கொஞ்சம் சாஞ்சுக்குறேன், நீ பாத்துக்க." இதெல்லாமாடி ஜெபம்னு நான் கேலி பண்ணுவேன். "வேற யாருகிட்டக்கா சொல்றது, அவரு நம்ம வூட்டு ஆளுதானே"ம்பா.

என் ஆண்டவரு வேற மாதிரி. எங்க கம்பெனியில சூளையில வெந்து வர்ற கட்டைய மேஸ்திரி ஒண்ணொண்ணா எடுத்து ஒரு கம்பியால தட்டுவாரு. டங்குனு கேட்டா நல்ல சரக்கு. சத்தம் பிசிறடிச்சா உள்ள கீறல் இருக்குதுன்னு அர்த்தம், தூக்கி ஒடைசல் கூடையில போட்டுடுவாரு. சின்ன வயசுல இருந்து நான் கும்புட்டது அந்த மாதிரி ஒரு ஆண்டவரை. அவரு பரிசுத்தர், கீறல் பொறுக்க மாட்டாருன்னு நம்புனேன். தட்டிப் பாக்குற சாமியக் கும்புடுறவ மத்தவங்களையும் தட்டித்தான் பாப்பா. எனக்கு அப்ப இது புரியல.

எங்க பையன் நெய்வேலியில கான்ட்ராக்ட் வேலைக்குப் போயிட்டிருந்தான். சம்பளம் வாங்குற சனிக்கிழமையில குடிச்சிட்டு வர ஆரம்பிச்சான். பொண்ணுக்கு அப்பதான் திட்டக்குடியில இருந்து ஒரு எடம் வந்திருந்துச்சு. நல்ல விசுவாசக் குடும்பம், பையனுக்கு கவர்மெண்டு உத்தியோகம். இந்த நேரத்துல அண்ணங்காரன் குடிக்கிறான்னு தெரிஞ்சா என்ன ஆவும்? வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருந்தேன். ஒரு நாளு மத்தியானம் சோத்துப் பொட்டலத்தப் பிரிச்சு வச்சிட்டு, அவகிட்ட மட்டும் சொல்லி அழுதேன். யாருகிட்டயும் சொல்லிடாதடின்னேன். "சொல்லுவேனாக்கா"ன்னு என் கையப் புடிச்சா.

அந்தப் புதங்கெழம பொம்பளைங்க ஜெபக்கூட்டம். மாப்பிள்ளைப் பையனோட அத்தை ஒருத்தங்க விருத்தாசலத்துலதான் இருந்தாங்க, அவங்களும் அன்னிக்கு வந்திருந்தாங்க. அது இவளுக்குத் தெரியாது. எல்லாரும் கண்ண மூடிட்டிருக்கோம், இவ ஜெபத்த ஆரம்பிச்சா. முதல்ல மழைக்கு, அப்புறம் சபைக்கு. அப்புறம் குரல் உடைஞ்சிடுச்சு. "யப்பா, எங்க அக்கா பெத்த புள்ள குடியில வுழுந்துட்டான்ப்பா, அந்தப் புள்ளயத் தூக்கி வுடுப்பா, அக்கா ராத்தூக்கம் இல்லாம கெடக்குதுப்பா"ன்னு நெஞ்சில அடிச்சிக்கிட்டு அழுவுறா. நான் கண்ணத் தொறந்தேன். அந்த அத்தையும் கண்ணத் தொறந்து என்னைப் பாத்துட்டிருந்தாங்க.

பத்து நாளுல திட்டக்குடியில இருந்து சொல்லி அனுப்பிட்டாங்க, ஜாதகமெல்லாம் நாங்க பாக்குறதில்ல, ஆனா மனசு ஒப்பலன்னு. எம்பொண்ணு ரெண்டு நாளு சாப்புடல.

யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னவ ஆண்டவருகிட்ட சொன்னாளாம்! ஏன், அவருக்குக் காது கேக்காதா? இருவது பொம்பளைங்களக் கூட்டி வச்சு ஊருக்கே கேக்குற மாதிரிதான் சொல்லணுமா? கம்பெனியில மேஸ்திரிகிட்ட கேட்டு எடத்த மாத்திக்கிட்டு, அவளுக்கு முதுகு காட்டி உக்காந்தேன். மூணு தரம் வூட்டுக்கு வந்தா. மூணு தரமும் நான் அடுப்படிய வுட்டு வெளியவே வரல. மூணாவது தரம் வாசல்ல நின்னு, "அக்கா, வாய் தவறிப் போச்சுக்கா, அவருகிட்ட பேசுற நெனப்புல பக்கத்துல யாரு இருக்காங்கன்னே தோணலக்கா"ன்னா. அது உண்மைன்னு எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சும் கதவச் சாத்துனேன்.

எங்க சபையில ஒரு வழக்கம். மாசத்துல முதல் ஞாயித்துக்கெழம திருவிருந்து, ஆண்டவரு நெனப்பா எல்லாரும் அப்பம் எடுக்குறது. அப்பத்தட்டு சுத்தி வர்றதுக்கு முன்னாடி பாஸ்டர் ஐயா கேப்பாரு, யாருக்காவது யாரு மேலயாவது கசப்பு இருந்தா இப்பவே சரி பண்ணிக்குங்கன்னு. தப்பு செஞ்சவங்க எழுந்து நின்னு மன்னிப்பு கேக்கணும். அதனால நொந்தவங்க மன்னிச்சிட்டேன்னு வாயத் தொறந்து சொல்லணும். தலைய ஆட்டுனா பத்தாது. பதில் வர்ற வரைக்கும் கேட்டவங்க நின்னுக்கிட்டேதான் இருக்கணும். சரி பண்ணிக்காதவங்க அப்பம் எடுக்கக் கூடாது, தட்டு வந்தா பக்கத்துல தள்ளி வுட்டுடணும்.

அஞ்சு மாசம் நான் தட்டைத் தள்ளி வுட்டேன். அவளும் தள்ளி வுட்டா. அவ எழுந்து கேக்கணும்னு நான் உக்காந்திருந்தேன். நாலு பேரு முன்னாடி என் மானத்த வாங்குனவ, நாலு பேரு முன்னாடிதான் கேக்கணும். பாஸ்டரம்மாகிட்ட இதச் சொல்லி அனுப்பிச்சேன். அவங்க போயி கேட்டதுக்கு அவ சொன்னாளாம், "எல்லாரு முன்னாடியும் நின்னா எதுக்குன்னு மறுபடியும் பேச்சு வருமேம்மா, வேற எடம் பாக்குற நேரத்துல அந்தப் பொண்ணுக்குத்தானே கஷ்டம்." நடிப்புன்னு நான் சொன்னேன். எம்பையன் அன்னிக்கு வூட்டுல இருந்தான். "ஏம்மா, குடிகாரன்னு பேரு வாங்குனது நான். எனக்கே கோவம் இல்ல. சித்தி எனக்காகத்தானேம்மா அழுதாங்க, நீ எனக்காக ஊரு வாய்க்குத்தான் பயந்த"ன்னான். கையில இருந்த கரண்டிய அவன் மேல வீசுனேன். படல.

கடைசியில அவளே இறங்கி வந்தா. வர்ற முதல் ஞாயித்துக்கெழம எழுந்து கேட்டுடுறேன்னு அக்காகிட்ட சொல்லுங்கன்னு பாஸ்டரம்மாகிட்ட சொல்லி அனுப்பிச்சா. ஜெயிச்சிட்டேன்னு இருந்துச்சு எனக்கு. அன்னிக்கு ராத்திரி நல்லாத் தூங்குனேன்.

அந்த ஞாயித்துக்கெழமைக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது அவ வேலைக்கு வரல. கண்ணெல்லாம் மஞ்சளா இருக்குதாம்னாங்க. கீழாநெல்லி அரைச்சுக் குடுத்திருக்காங்க, நாட்டு மருந்து குடுத்திருக்காங்க. முத்திப் போயி பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க. பாஸ்டர் ஐயாவும் அம்மாவும் பாக்கப் போனப்ப என்னையும் கூப்புட்டாங்க. வண்டி எங்க தெருமுனையில நிக்குது. "வாம்மா, ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துடலாம்"னு ஐயா சொல்றாரு. என் கால் வண்டிப் பக்கம் போச்சு, நெசமா போச்சு. ஆனா வாய் சொல்லிச்சு: "ஞாயித்துக்கெழம வருவா இல்லீங்க ஐயா, அப்பப் பாத்துக்குறேன்." ஐயா அதுக்கு மேல கூப்புடல. அவருதானே அந்த வழக்கத்த வச்சவரு. எம்பையன் வண்டியில ஏறிட்டான்.

திரும்பி வந்து பையன் சொன்னான், சித்திக்கு நெனப்பு நல்லாத்தாம்மா இருக்குது, அம்மா வரலையாடான்னு கேட்டாங்கன்னு. "நீ என்னாடா சொன்ன?" "வேலை இருக்குதுன்னு சொன்னேன்." வேலை! அன்னிக்கு நான் வூட்டுல உக்காந்து அரிசியில கல்லு பொறுக்கிட்டிருந்தேன்.

வியாழக்கெழம காலையில கம்பெனி வாசல்ல சைக்கிள நிறுத்திட்டு சபைக்காரரு ஒருத்தரு உள்ள வந்தாரு. அவரு மூஞ்சியப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. கையில இருந்த கட்டை நொறுங்கி மண்ணாப் போச்சு. அடியே, மூணு நாளு பொறுத்திருக்கக் கூடாதாடின்னு வாய்விட்டே கத்திட்டேன். யாரு பொறுக்கணும், யாரு பொறுக்கலன்னு ஒரு கேள்வி அப்பவே உள்ள வந்துடுச்சு.

வெள்ளிக்கெழம அடக்கம். நான் போனேன், ஆனா பெட்டிகிட்டப் போவல. என்னா மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போறது? கல்லறைத் தோட்டத்துல மண்ணு போட வரிசையில நின்னாங்க, நான் வாசல் கேட்டுகிட்டயே நின்னுட்டேன். பாஸ்டர் ஐயா எல்லாம் முடிச்சிட்டு வெளிய வரும்போது என் பக்கத்துல நின்னாரு. கண்ணு செவந்திருந்துச்சு. "ஆண்டவரு யாருக்காவும் முதல் ஞாயித்துக்கெழம வரைக்கும் காத்திருக்கலம்மா. நம்மதான் காத்திருந்தோம். நான் ஆஸ்பத்திரியிலயே அவளுக்கு அப்பத்தக் குடுத்திருக்கணும், உன்னைக் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கணும்"னாரு. ஆம்பள, அதுவும் பாஸ்டரு, அழுது நான் அன்னிக்குத்தான் பாத்தேன். எனக்கு அப்ப கண்ணீரே வரல.

ஞாயித்துக்கெழம வந்துச்சு. போவ வேணாம்னுதான் இருந்தேன், எம்பொண்ணு வுடல. செத்துப்போனவளோட புருசனும் பொண்ணும் முன்னாடி பாயில உக்காந்திருந்தாங்க. அந்தப் பொண்ணுக்குப் பத்தொம்பது வயசு. அழுது அழுது மூஞ்சி வீங்கிக் கெடந்துச்சு. பாட்டு முடிஞ்சுது, பிரசங்கம் முடிஞ்சுது. அப்பத்தட்ட மூடியிருந்த வெள்ளைத் துணிய பாஸ்டர் ஐயா எடுத்தாரு. வழக்கமா கேக்குறதக் கேக்க அவருக்கு வாய் வரல. அப்படியே வுட்டுட்டு ஜெபத்துக்குப் போவப் பாத்தாரு.

அந்தப் பொண்ணு எழுந்துச்சு. நேரா என் பக்கம் திரும்புச்சு.

"பெரியம்மா, இன்னிக்கு ஞாயித்துக்கெழம கேட்டுடணும்னு அம்மா ஆஸ்பத்திரியில சொல்லிட்டே இருந்தாங்க. என்னால எழ முடியலன்னா நீ எழுந்து கேட்டுடுன்னாங்க. எதுக்குன்னு மட்டும் யாரு முன்னாடியும் சொல்லாதன்னாங்க. அம்மா செஞ்சது தப்புதான் பெரியம்மா. அம்மாவ மன்னிச்சிருங்க."

வேணாம்மா, உக்காரும்மா, நாந்தான் கேக்கணும்னு கத்தணும் போல இருந்துச்சு. கத்தல. அந்தப் பொண்ணு கைய கட்டிக்கிட்டு நின்னுட்டே இருக்குது, பதில் வந்தாத்தான் உக்காரணும்னு அதுக்கு அவ அம்மா சொல்லிக் குடுத்திருக்குறா. மூணு நாளா சோறு தண்ணி இல்லாத புள்ள.

"மன்னிச்சிட்டேன்மா"ன்னேன்.

"தேங்க்ஸ் பெரியம்மா"ன்னு சொல்லிட்டு உக்காந்துடுச்சு.