ஒற்றைக் கால் தாவல்

என் தங்கை நீளம் தாண்டுபவள். நான் அவளுக்கு எடைப்பயிற்சி கொடுத்தவள். புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு சின்ன ஜிம்மில் விளையாட்டுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருவதுதான் என் பிழைப்பு. ஒரு காலத்தில் நானும் தாண்டிக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம் வந்த அளவுக்கு வேகம் வரவில்லை, விட்டுவிட்டேன். அவளுக்கு இரண்டுமே வந்தது.

ஒரு மழைக்கால மாலை, ஓடிவந்து பலகையை மிதித்து எழும்பும்போது அவளுடைய இடது முட்டி திரும்பிக்கொண்டது. உள்ளே எலும்புகளைப் பிணைத்து வைக்கும் லிகமென்ட் அறுந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து சாரம் பகுதியில் இருக்கும் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்த சில வாரங்களிலேயே அந்தத் தொடை பாதியாகக் கரைந்துபோனது. அம்மா மீன் வியாபாரத்துக்குப் போய்விட்டு வந்து கூடையை இறக்கியதும் முதல் வேலையாகத் தொடையைத் தடவிப் பார்ப்பாள். "இன்னாடி பாப்பா, சுள்ளி மாரி ஆயிடுச்சு" என்று கண் கலங்குவாள். சுறாப்புட்டு செய்து தட்டு நிறையப் போடுவாள். மீன் மட்டும் தின்றால் தசை ஏறாது, வேலை கொடுக்க வேண்டும் என்று நான் சொல்வதை அம்மா காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

அந்த வேலையோ, பார்க்கச் சிரிப்பு வரும். துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து அமுக்குவது. படுத்தபடி காலை நீட்டித் தூக்குவது. சுவரில் முதுகைச் சாய்த்து, இல்லாத நாற்காலியில் உட்காருவது. காற்றில் பறந்துகொண்டிருந்தவளுக்கு இதெல்லாம் அவமானமாக இருந்தது.

"துண்ட அமுக்கறதுக்காக்கா நானு பொறந்தேன்?"

"வாய மூடிக்கினு அமுக்குடி" என்பேன். அவள் அழுதுகொண்டே அமுக்குவாள். நான் அடுப்படிக்குப் போய் அழுவேன். பயிற்சி கொடுக்கிறவள் அழுது காட்டக் கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு.

மெல்ல மெல்லத் தொடை திரும்பி வந்தது. முதலில் வெறுமனே உட்கார்ந்து எழும்பும் ஸ்குவாட், பிறகு தோளில் பார்பெல் கம்பியோடு. கம்பியில் ஒவ்வொரு இரும்புத் தட்டாக எடை கூடும்போது அவள் முகமும் கூடவே தெளிந்தது. அந்த நாட்களில் நாங்கள் ஸ்கூட்டரில் வீடு திரும்பும்போது அவள் பின்னால் உட்கார்ந்து பாடிக்கொண்டே வருவாள். கேட்கச் சகிக்காது. ஆனாலும் பாடட்டும் என்று வண்டியை மெதுவாக ஓட்டுவேன்.

அதற்குள் புதுச்சேரி அணிக்கான தேர்வு நெருங்கிவிட்டது. அவளுக்கு வயதும் ஏறிக்கொண்டிருந்தது. "இந்த வருசம் உட்டா என்ன எவளும் கூப்புட மாட்டா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளுக்குப் பிசியோதெரபி பார்த்த பிசியோ அம்மா அவசரப்படுகிற ஆள் இல்லை. மைதானத்துக்குத் திரும்ப ஒரு சோதனை உண்டு என்று முன்கூட்டியே விளக்கினார். ஒற்றைக் காலில் நின்று முடிந்த மட்டும் தாவ வேண்டும், அதே காலில் தடுமாறாமல் இறங்கி நிற்க வேண்டும். முதலில் நல்ல கால், பிறகு ஆபரேஷன் ஆன கால். நல்ல காலின் தூரத்தை மற்றது ஏறக்குறைய எட்டிவிட வேண்டும். நல்ல கால்தான் அளவுகோல்.

சோதனை நாளில் நான்தான் டேப்பைப் பிடித்தேன். வலது கால் தாவிய தூரம் எனக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் பட்டது. இத்தனை மாதம் ஓடாததில் அதுவும் இளைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டோம். அடிபடுவதற்கு முன் யாரும் அளந்து வைத்திருக்கவில்லை. இடது கால் கிட்டத்தட்ட அதே இடத்தில் வந்து இறங்கியது. பிசியோ அம்மா சிரித்தார். நான் தங்கையைத் தூக்கிச் சுற்றினேன்.

அணித் தேர்வு நாளில் முதல் தாண்டலிலேயே அதே முட்டி போய்விட்டது.

ஸ்கேன் அறைக்கு வெளியே ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி அவளாகவே சொன்னாள். "அக்கா, அன்னிக்கி நல்ல கால்ல நானு முழுசா தாவல."

எனக்குப் புரிய நேரமாயிற்று. அவ்வளவு வேகத்தில் ஓடிவந்து, ஒரு விரலளவுகூடப் பிசகாமல் பலகையில் கால் வைக்கிறவள் அவள். காலை எங்கே இறக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாதா? இடது கால் எவ்வளவு போகும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டு, வலது காலை அதற்கேற்றபடி முன்கூட்டியே இறக்கிவிட்டாள். வேறு யார் ஏமாற்றியிருந்தாலும் தடுமாற்றத்தில் மாட்டியிருப்பார்கள். அவள் தடுமாறவில்லை.

ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் கத்தினேன். "புத்தி எங்கடி போச்சு? யார ஏமாத்துன நீ?"

"இன்னும் கொஞ்ச நாளு, இன்னும் கொஞ்ச நாளுன்னு சொல்லிக்கினே இருந்தீங்க. எனக்கு நாளு இல்லக்கா" என்றாள். அவள் நெற்றியில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்தேன்.

இரண்டாம் ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் நயமாகத்தான் சொன்னார். நடக்கலாம், வண்டி ஓட்டலாம், வேலைக்குப் போகலாம். தாண்டுவது மட்டும் வேண்டாம். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பயிற்சி எதையும் தொடவில்லை. நான் திட்டியும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். கடைசியில் பிசியோ அம்மாவே வீட்டுக்கு வந்து, "உனக்கு என்னம்மா செய்ய முடியணும்? அத சொல்லு, அதுக்கு வேல செய்வோம்" என்று கேட்டார்.

"கீழ உக்காந்து சாப்புடணும். எழுந்துக்கும்போது எதையும் புடிக்கக் கூடாது" என்றாள்.

எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேஜை கிடையாது. அம்மாவும் நானும் தரையில் உட்கார்ந்து சாப்பிட, அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் தனியாக, மடியில் தட்டோடு இருப்பாள். முட்டி முழுசாக மடங்க வேண்டும், எழும்பத் தொடையில் வலு வேண்டும். இந்த முறை அவள் முணுமுணுக்கவே இல்லை. துண்டை அமுக்கு என்றால் அமுக்கினாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒருமுறையாவது சண்டை போட மாட்டாளா என்று ஏங்கினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா வஞ்சிரம் குழம்பு வைத்திருந்தாள். தங்கை தட்டை எடுத்துக்கொண்டு எங்கள் பக்கத்தில் வந்து, மெதுவாக இறங்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அம்மா சோற்றை அள்ளி வைத்தாள். சாப்பிட்டு முடித்தவள் ஒரு கையில் தட்டைப் பிடித்து, மறு கையைத் தரையில் ஊன்றாமல், நேராக எழுந்து நின்றாள்.

என்னையறியாமல் கை தட்டிவிட்டேன். ஜிம்மில் யார் எதை முடித்தாலும் தட்டுவது எங்கள் பழக்கம்.

அவள் தட்டோடு நின்று என்னைப் பார்த்தாள்.

"இதுக்குப் போயி கை தட்றியேக்கா" என்றாள்.

அவள் குரலில் கோபம் இல்லை. திரும்பிக் கொல்லைப்புறக் குழாயடிக்கு நடந்து போனாள். கொஞ்சம்கூட நொண்டவில்லை.